சைக்கிள் டியூப் சுற்றிய மைக்

பழைய கட்டடம் ஒன்றுக்குள் முதல் தடவை போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள கெடக்கறதெல்லாம் குப்ப, தூக்கிப் போட்டுடலாம்" என்று உங்களில் யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. போன மாதம் நம் சவுண்டு சர்வீஸ் சங்கத்துக் கூட்டத்தில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். நான் போட்ட சத்தத்தில் அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதே வார்த்தையை நானும் ஒரு நாள் சொன்னேன், அதனால் ஒரு பெண் செத்திருப்பாள். அன்றைக்கு ஏன் கத்தினேன் என்று பலர் கேட்டதால் எழுதிக் கொடுக்கிறேன்.

ஒயர் எப்படி இழுப்பது, ஸ்பீக்கர் பெட்டியை எந்த உயரத்தில் மாட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குப் போனிலேயே கிடைக்கிறது. அதற்கு நான் வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்த்துவிட்டுக் கடலூர் செம்மண்டலத்தில் வீட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்வதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது இது.

தனவேல் அண்ணாகிராமம் பக்கத்து ஆள். முந்திரி வியாபாரம். சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு சினிமா தியேட்டரை வாங்கினார். நாற்காலியை எல்லாம் பிடுங்கிவிட்டு, காதுகுத்து, வளைகாப்பு, நிச்சயதார்த்தம் நடத்துகிற மண்டபமாக மாற்றினார். மண்டபத்தை நடத்தப் போவது அவர் மனைவி செல்வி. "முந்திரி அவுருது, மண்டபம் என்னுது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து கக்கூஸ் கதவு வரை அவளே நின்று பார்த்த இடம் அது.

ஒரு நாள் தனவேல் எனக்குப் போன் போட்டார். "மாமா, தியேட்டர்காரன் விட்டுட்டுப் போன சவுண்டு செட்டு ஒண்ணு உள்ள கெடக்குது. பழைய இரும்புக்காரன கூப்புடுறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தபா வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். மேடைக்குப் பக்கத்து அறையில் பீரோ உயரத்துக்கு ஒரு இரும்பு ரேக். அதில் இரண்டு பழைய ஆம்ப்ளிஃபயர். ரேக்கை அங்கிருந்த இரும்புத் தூணோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். தூசி தட்டி, கெட்டுப் போனதை மாற்றி, ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டு ஆன் செய்தேன். அடேயப்பா! அந்தச் சத்தத்தை என்ன சொல்ல! தவில் பாட்டு ஒன்றைப் போட்டால் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் வந்து விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாப்ள, புதுசு ஒண்ணும் வேணாம். இதையே நான் பாட வெக்கிறேன். ஜில்லாவுல ஒருத்தன் மண்டபத்துலயும் இந்தச் சத்தம் வராது" என்றேன்.

கவனியுங்கள், பழசை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது தனவேல் இல்லை. நான். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இனிமேல்தான் என் மடத்தனம். தியேட்டரில் வேலை பார்த்த யாரோ ஒரு ஆப்பரேட்டர், அந்த செட்டோடு இருந்த மைக்கின் உடம்பு முழுக்கச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. அதற்கும் ஒரு பழைய பஞ்சுக் குல்லாய். ரேக்கு முன்னால் தரையில் ஒரு பலகை கிடந்தது. அதன் நான்கு மூலையிலும் அடியில் டயர் துண்டு வைத்து ஆணி அடித்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒட்டுப்போட்டே காலத்தை ஓட்டிய ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன். "குப்ப" என்று வாய்விட்டே சொன்னேன். டியூபைப் பிளேடால் கிழித்து, குல்லாயைப் பிடுங்கி, உள்ளே இருந்த உலோகத்தைப் பாலிஷ் போட்டுத் துடைத்தேன். வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. பலகையைக் கொத்தனார்கள் கேட்டார்கள். கொண்டு போங்கப்பா என்று தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

எதிரில் டீக்கடை வைத்திருந்த மங்கையக்கா முன்பு அந்தத் தியேட்டரில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தவர். டீயை ஆற்றிக்கொண்டே ஒரு நாள் சொன்னார்: "மழ நாள்ல, கரண்டு போயி ஜெனரேட்டர் ஓடும் பாருங்க, அப்ப அந்தத் தூணாண்ட ஈரத் துணி போட்டுத் தொடச்சா யாரோ கையப் புடிச்சி சுண்டுற மாதிரி இருக்கும் சார். நாங்க யாரும் கிட்ட போவ மாட்டோம். அங்க என்னமோ இருக்குது."

"ஏங்க்கா, பேயிக்கு வேற சோலி இல்லியா? ஒங்க கையத்தான் வந்து புடிக்கணுமா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த டீயில் சர்க்கரையே இல்லை.

இங்கே கரண்ட் அடிக்கும் என்று டியூப் சொன்னது, பலகை சொன்னது, மங்கையக்கா வாய் திறந்தே சொன்னார். மீட்டர் என் பையிலேயே கிடந்தது. ரேக்கின் பிளக் போர்டைக் கழற்றி ஒரு தடவை அதை வைத்துப் பார்த்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? மூன்று நாள் மைக்கைக் கையில் பிடித்து "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்த்தேன். கையைச் சுண்டவில்லை, ஒரு இரைச்சல் இல்லை. "எல்லாம் ஓகே மாப்ள" என்றேன். அந்த மூன்று நாளும் என் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. ஓடியது ஈ.பி. கரண்ட், ஜெனரேட்டர் இல்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள், மறுநாள் காலை ஒன்பது மணியிலிருந்து பராமரிப்புக்காக மின்தடை என்று தகவல் வந்தது. நல்ல நேரமோ ஒன்பதரைக்கு. தனவேல் ஜெனரேட்டர் வேனுக்குச் சொல்லிவிட்டார். வேன்காரர் அந்தோணி எனக்குப் பல வருஷப் பழக்கம், வேலையில் சுத்தமான ஆள். காலையிலேயே வந்து, வாசலுக்கு இடதுபுறம் வேனை நிறுத்தி, தரையில் எர்த் கம்பி அடித்து, மண்டபத்தின் பழைய மெயின் பெட்டியில் லைனைக் கொடுத்தார். பெட்டியில் இரண்டு ஒயருமே கறுப்பு. எது எது என்று எழுதவும் இல்லை. லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. நானும் அவரும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம்.

அன்று விடியற்காலையில் மண்டபம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். மேடையும் ஈரம், வாசலும் ஈரம். பூஜை என்பதால் வந்தவர்கள் எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார்கள். நான் மட்டும், "எனக்கு வேல இருக்குதுப்பா" என்று சொல்லிச் செருப்போடு வாசல் ஓரமாக நின்றேன்.

ஏற்பாடு இதுதான். முதலில் பசுவும் கன்றும் வாசல் வழியாக உள்ளே வரும். மேடையில் செல்வி ஆரத்தித் தட்டோடு நிற்பாள். பசு உள்ளே கால் வைத்ததும் தட்டைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, மைக்கைக் கையில் எடுத்துப் பிள்ளையார் பாட்டுப் பாடுவாள். ஒரு வாரமாக அந்தப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தாள். முதல் நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் அதே மைக்கைப் பிடித்துப் பாடிப் பார்த்தாள்.

வாசலில் இழுத்து மூடுகிற பழைய இரும்பு கேட். அது ஓடுவதற்குத் தரையில் ஒரு இரும்புப் பட்டை பதித்திருக்கும். அதைத்தான் வாசற்படியாக நினைத்து மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். வாசற்படியை நம் ஆட்கள் மிதிக்க மாட்டார்கள், உங்களுக்கே தெரியும். அன்றைக்கு வந்த அத்தனை பேரும் வலது காலைத் தூக்கி அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். வயசானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், எல்லாரும்.

பசு தாண்டவில்லை. முன்னங்காலைத் தூக்கி நேராக அந்தப் பட்டை மேல் வைத்தது. வைத்த வேகத்தில் ஒரு துள்ளல்! கயிற்றைப் பிடித்திருந்த மாட்டுக்காரர் பின்னால் போய் விழுந்தார். கன்று கத்தியது. கூட்டம் 'ஐயோ' என்று விலகியது.

"புது எடம்ல, மெரளுது. வாழப்பழம் குடுங்க" என்றார் யாரோ. கொடுத்தார்கள், தடவினார்கள், மறுபடி இழுத்தார்கள். மறுபடி அதே இடத்தில் கால், மறுபடி துள்ளல். இந்தத் தடவை அதன் உடம்பெல்லாம் நடுங்கியது, மூத்திரம் போய்விட்டது. அதற்கப்புறம் நான்கு பேர் தள்ளியும் ஒரு அடி நகரவில்லை.

தனவேலின் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன், இந்த எடம் வேணாம்னு. மாடே உள்ள வர மாட்டேங்குது பாரு. வாயில்லாச் சீவனுக்குத் தெரியும்டா."

தனவேல் முகம் வெளுத்துப் போய்விட்டது. குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் போறது. அம்மாவைப் பாட்டை ஆரம்பிக்கச் சொல்லுங்கோ. பாட்டைக் கேட்டு அது தானா வரும்" என்றார். யாரோ மேடையைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள். செல்வி தட்டைப் பக்கத்துப் பெண்ணிடம் நீட்டுவது எனக்குத் தெரிந்தது.

சகுனம், பேய் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் பசுவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவையும் அதே பட்டை. ஈரத் தரையில் அது நிம்மதியாகத்தான் நின்றது. இரும்பில் பட்டபோதுதான் துள்ளியது. அந்த நேரம் பார்த்து மங்கையக்கா சொன்னது ஞாபகம் வந்தது. ஜெனரேட்டர் ஓடும், ஈரத் துணி, தூண், கையைப் பிடித்துச் சுண்டும்.

சட்டைப் பையில் டெஸ்டர் எப்போதும் இருக்கும். எடுத்துக் கேட்டில் வைத்தேன். எரிந்தது. பட்டப் பகலில், வாசல் வெளிச்சத்தில், பளிச்சென்று எரிந்தது.

கண் மேலே ஓடியது. கேட்டிலிருந்து மேலே உத்தரம், உத்தரத்திலிருந்து தூண், தூணில் ரேக், ரேக்கில் ஆம்ப்ளிஃபயர், ஆம்ப்ளிஃபயரிலிருந்து மைக். எல்லாம் ஒரே இரும்பு. கேட்டுக்கு வந்து சேர்வதற்குள் துருவிலும் பெயிண்டிலும் பாதி செத்துப்போன கரண்டே ஒரு பசுவைத் தூக்கி எறிகிறது. மைக்கில் இருப்பது முழுக் கரண்ட். அதன் மேல் டியூப் இல்லை, நான்தான் கிழித்தேன். ஈர மேடையில் வெறுங்காலோடு செல்வி.

"செல்வி, தொடாத! மைக்கத் தொடாத!" என்று கத்தினேன். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் இருந்தன, வேன் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை.

தம்பிகளா, தங்கச்சிகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மேடை அறுபது அடி தூரம், நடுவில் கூட்டம். ஜெனரேட்டர் வேன் வெளியே பத்து அடி. மனசு அவளிடம் ஓடு, ஓடு என்கிறது. கால்கூட அந்தப் பக்கம்தான் திரும்பியது. ஓடியிருந்தால் நான் பாதி தூரம் போவதற்குள் அவள் மைக்கை எடுத்திருப்பாள். வேன் பக்கம் போனால் அவளுக்கு முதுகைக் காட்ட வேண்டும், அவளுக்கு என்ன ஆகிறது என்றே தெரியாது. முதுகைக் காட்டினேன். அந்தப் பத்து அடிதான் என் வாழ்க்கையிலேயே நீளமான தூரம். அந்தோணி "என்னாண்ணா?" என்று எழுந்திருப்பதற்குள் அவரைத் தள்ளிவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன்.

உள்ளே லைட் எல்லாம் அணைந்தது. நாதஸ்வரக்காரரும் பயந்து நிறுத்திவிட்டார். மண்டபத்திலிருந்து ஒரு சத்தம் இல்லை. எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. வேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமி, ஒரு குரல் வரட்டும், திட்டினாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன்.

"யாருங்க அது கரண்ட நிறுத்துனது? மைக்க எடுக்கக் கைய நீட்டுறேன், இருட்டாயிடுச்சி! இந்த நேரத்துலயா?"

செல்வியின் குரல். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

மாட்டுக்காரர் நடந்தது எதுவும் தெரியாமல் கயிற்றை லேசாகச் சுண்டினார். பசு ரொம்ப நேரம் மோந்து பார்த்தது. அப்புறம் அந்தப் பட்டையை நன்றாக மிதித்துக்கொண்டே உள்ளே போய், நடு மண்டபத்தில் சாணி போட்டது. "சகுனம் அமோகம்!" என்று குருக்கள் கை தட்டினார். பெரியப்பாகூடச் சிரித்துவிட்டார். எல்லாருக்கும் சந்தோஷம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். இல்லை, அந்தோணி ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று அவர் தலையில் கட்டியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. நாக்கு நுனி வரை வந்தது.

அந்தோணி செய்தது என்ன? அடையாளம் இல்லாத இரண்டு ஒயரை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார். சரியான வயரிங்கில் அதனால் ஆள் சாகாது. அந்தத் தியேட்டரில் எந்தக் காலத்திலோ எவனோ ரேக்கின் பிளக் போர்டில் எர்த் ஒயரை, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரோடு சேர்த்து முறுக்கி விட்டிருந்தான். தனி எர்த்தே கிடையாது. ஒயர் மாறியதும் எர்த் வழியாகவே முழுக் கரண்டும் ரேக்கின் உடம்பில் ஏறிவிட்டது. அந்த போர்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியவன் நான். அதைவிட, ஒருத்தர் டியூப் சுற்றி எச்சரித்து வைத்ததைக் கிழித்துப் போட்டவன் நான்.

தனவேலையும் செல்வியையும் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தனவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நேத்து சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அந்த மைக்கத்தான் புடிச்சி பாடுனா, மாமா. நான் எதிர்ல ஒக்காந்து கேட்டுனு இருந்தேன்." சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

செல்வி என்னைப் பார்க்கவே இல்லை. மேடைக்குப் போய், மைக்கிலிருந்து நாலு அடி தள்ளி நின்று, வெறும் வாயாலேயே பாடினாள். குரல் நடுங்கியது. கடைசி வரிசை வரை கேட்டது.

அந்த டியூபைச் சுற்றியவர் யார் என்று பிறகு மங்கையக்காவிடம் விசாரித்தேன். "ஆப்பரேட்டரு, ஆப்பரேட்டருன்னுதான் சார் கூப்புடுவோம். பேரு தெரியல. தியேட்டர் மூடுன அன்னிக்கிப் போனவரு" என்றார். எர்த் போடச் சொல்லி முதலாளியிடம் எத்தனை தடவை கேட்டாரோ, எனக்குத் தெரியாது. போடவில்லை என்றதும், தனக்குப் பின்னால் அந்த மைக்கைத் தொடப் போகிறவனுக்காகத் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். என் தொழிலில் எனக்கு நிறையப் பேர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவரை மட்டும் பார்த்ததே இல்லை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கொடுத்தார்.

அடுத்த வாரமெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு முன்னால் கடலூரிலும் சிதம்பரத்திலும் எத்தனை கடை, எத்தனை மண்டபத்தில் செருப்புக் காலோடு நின்று "ஓகே" சொல்லியிருப்பேன்! ஞாபகம் வந்ததையெல்லாம் தாளில் எழுதி, மீட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனேன். இரண்டு இடத்தில் இதே மாதிரி எர்த்தை நியூட்ரலோடு முறுக்கி விட்டிருந்தது. ஒன்று பள்ளிக்கூடம், தினமும் காலையில் ஈரக் காலோடு பிள்ளைகள் வரிசையில் நிற்கிற இடம். பிரித்துச் சரிசெய்துவிட்டு வெளியே வந்து பைக்கை ஸ்டார்ட் செய்ய முடியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஞாபகம் வராத இடங்களும் இருக்கும். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

தனவேல் மண்டபத்தில் பழைய ஒயரை ஒரு அடி விடாமல் பிடுங்கினேன். புது எர்த் குழி எடுத்தோம். கரண்ட் கசிந்தால் உடனே தானாக விழுகிற பிரேக்கர் போட்டோம். அந்தோணி இரண்டு ஒயருக்கும் பெயிண்டால் அடையாளம் வைத்தார். வேண்டுமென்றே ஒயரை மாற்றிக் கொடுத்தும் பார்த்தோம். மைக்குக்கும் ஈரத் தரைக்கும் நடுவே மீட்டர் பூஜ்யம் காட்டியது. பத்துத் தடவை வைத்தேன், பத்துத் தடவையும் பூஜ்யம்.

செல்வியைக் கூப்பிட்டேன். வந்தாள். மேடையில் அவளே ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். மைக்கை ஒரு தடவை பார்த்தாள், என் காலை ஒரு தடவை பார்த்தாள்.

"அண்ணா, நீங்க மொதல்ல புடிங்க."

கையை நீட்டினேன்.

"செருப்ப கழட்டிட்டு."

மீட்டர் என் கண் முன்னால் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும், ஒன்றும் ஆகாது. இருந்தும் செருப்பைக் கழற்றக் கால் வரவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அப்படி நின்று மைக்கைப் பிடித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை நம்பி எத்தனை பேர் பிடித்திருப்பார்கள்! கழற்றினேன். ஈரம் உள்ளங்காலில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். "ஹலோ" சொல்ல வாய் வரவில்லை. ஸ்பீக்கரில் என் மூச்சு மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

செல்வி அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையை நீட்டி என்னிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.